கார் "தண்ணி குடிக்கிறதா?" ஊருக்குப் புறப்படும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்

மனிதனுக்கு காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். மருந்து கொடுக்கிறோம். காருக்கு காய்ச்சல் வந்தால்?

அதற்கும் அறிகுறி உண்டு. டிரைவரின் கண் முன்னால் உள்ள வெப்ப முள் மெல்ல மெல்ல மேலே ஏறும். அல்லது சிவப்பு விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் "இன்னும் 10 கிலோ மீட்டர்தானே, போய்விடலாம்" என்று ஓட்டினால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரம் ரூபாய் செலவில் போய் முடியும்.

மும்பையில் வாழும் தமிழர்களில் பலர் இப்போது சொந்த காரில் ஊருக்குப் போய் வருகிறார்கள். பொங்கலுக்கும், கோவில் கொடைக்கும், கோடை விடுமுறைக்கும் ரெயிலில் டிக்கெட் கிடைக்காதபோது குடும்பத்தோடு காரில் கிளம்பி விடுகிறார்கள். பலருடைய கார் 'செகண்ட் ஹேண்ட்' கார்தான். முதலாளியின் காரை ஓட்டுகிறவர்களும், டாக்சி ஓட்டுகிறவர்களும் நம்மவர்களில் ஏராளம்.

மும்பையில் இருந்து சென்னைக்கு 1,300 கிலோ மீட்டருக்கு மேல். நெல்லைச் சீமைக்கு அதை விடவும் தூரம். வழியில் என்ஜின் கொதித்து நின்றால், குழந்தை குட்டிகளோடு நடுவழியில் நிற்க வேண்டியதுதான். இந்த தொல்லைக்கு பெரும்பாலான நேரங்களில் காரணம் ஒன்றே ஒன்று. என்ஜினை குளிர வைக்கும் தண்ணீர் எங்கோ கசிந்து போயிருக்கும்.

அது எங்கே கசிகிறது, எப்படி கண்டுபிடிப்பது, எப்படி சரி செய்வது என்பதை பார்ப்போம்.

தண்ணீருக்கு என்ன வேலை?

என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது ஏற்படும் வெப்பம் 2,000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டும். இந்த வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பெரும் பங்கை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக் கொள்கிறது.

ஒரு பம்பு இந்த தண்ணீரை என்ஜினுக்குள் தள்ளுகிறது. சூடான தண்ணீர் மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்று பட்டு சூடு தணிகிறது. பிறகு கீழ் குழாய் வழியாக மறுபடியும் என்ஜினுக்கு வருகிறது. இடையில் 'தெர்மோஸ்டாட்' என்ற வால்வு இருக்கிறது. என்ஜின் போதுமான அளவு சூடாகும் வரை அது மூடியே இருக்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கும்.

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து விடும். அதனால்தான் 'கூலண்ட்' கலக்கிறார்கள். பாதி தண்ணீரும் பாதி 'எத்திலீன் கிளைக்கால்' என்ற திரவமும் கலந்த கலவை அது. துரு பிடிக்காமல் இருக்க மருந்தும் அதில் உண்டு.

இன்னொரு தந்திரம் மூடியில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி அல்ல. அதற்குள் ஸ்பிரிங் வால்வு உள்ளது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். அது அந்த மூடி தாங்கும் அழுத்தம். பிரஷர் குக்கரைப் போல உள்ளே அழுத்தம் இருப்பதால், கலவை சுமார் 125 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும்.

எனவே கசிவு என்றால் தண்ணீர் குறைவது மட்டும் அல்ல. அழுத்தமும் போய் விடும். அழுத்தம் போனால் மீதி உள்ள தண்ணீரும் சீக்கிரம் கொதித்து ஆவியாகும்.

சிறிய கார்களில் மொத்தம் 4 அல்லது 5 லிட்டர்தான் பிடிக்கும். அதில் 1 லிட்டர் குறைந்தாலே ஆபத்து ஆரம்பமாகிறது என்பதை மறக்கக் கூடாது.

எல்லா ஈரமும் கசிவு அல்ல

காருக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். ஏர்-கண்டிஷன் போட்டு ஓட்டி விட்டு நிறுத்தினால், முன் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக தண்ணீர் விழும். மும்பையின் புழுக்கத்தில் அது தாராளமாகவே விழும். அது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து வடியும் தண்ணீர். நிறம் இருக்காது. வாசனை இருக்காது. விரலில் தொட்டால் சாதாரண தண்ணீர் போலவே இருக்கும்.

கூலண்ட் அப்படி அல்ல. பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு நிறம் இருக்கும். விரலில் தொட்டால் பிசுபிசுக்கும். இனிப்பான வாசனை வரும். ஆனால் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். அது விஷம்.

கூலண்ட் ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரே ஊற்றி ஓடிய பழைய கார்களில் துரு நிறத்தில் தண்ணீர் கசியும்.

காலையில் செய்ய வேண்டிய சோதனை

கசிவைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது கண்ணும் பொறுமையும்தான். விலை உயர்ந்த கருவி பிறகு வரட்டும்.

இரவில் காரை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் கறை இருக்கிறது என்று பாருங்கள். முன் பக்கம் கறை என்றால் ரேடியேட்டரையோ அதன் குழாய்களையோ சந்தேகிக்கலாம். என்ஜினில் பெல்ட் ஓடும் பக்கம் என்றால் தண்ணீர் பம்பை சந்தேகிக்கலாம்.

என்ஜின் ஆறி இருக்கும்போது பானட்டைத் திறந்து, பிளாஸ்டிக் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். அதில் குறைந்தபட்ச கோடு, அதிகபட்ச கோடு என்று இரண்டு கோடுகள் இருக்கும். இன்றைய மட்டத்தை பேனாவால் குறித்து வையுங்கள். ஒரு வாரம் இப்படி தினமும் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால், டிரைவர்கள் சொல்வது போல வண்டி "தண்ணி குடிக்கிறது" என்று அர்த்தம்.

பிறகு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் இணையும் இடங்களில் வெள்ளையாகவோ, பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ உப்பு பூத்தது போல படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்த கூலண்ட் சூட்டில் காய்ந்தால் இப்படித்தான் படியும்.

ஒரு விஷயம் முக்கியம். சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. தண்ணீர் கீழ் நோக்கி வழியும். விசிறிக் காற்று அதை பின்னால் தள்ளும். எனவே ஈரம் உள்ள இடங்களில் எது மிக உயரமாகவும் முன்னாலும் இருக்கிறதோ, அதுவே கசிவின் மூலம்.

எச்சரிக்கை: மின்சார விசிறி எந்த நேரமும் சுழலத் தொடங்கும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சுழலும். சூடான என்ஜினில் விசிறி அருகே கை வைக்காதீர்கள். சட்டை நுனி, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

கசியும் இடங்கள்

முதல் இடம் ரப்பர் குழாய்கள். மேல் குழாய், கீழ் குழாய், ஹீட்டர் குழாய்கள் என்று பல உண்டு. ஆறிய பிறகு கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும், கல் போல இறுகி இருந்தாலும், எண்ணெய் பட்டு உப்பி இருந்தாலும் மாற்றி விட வேண்டும். குழாய் நன்றாக இருந்தும் 'கிளாம்ப்' தளர்ந்திருந்தால் அங்கேயும் கசியும்.

இரண்டாவது ரேடியேட்டர். இப்போது வரும் ரேடியேட்டர்கள் அலுமினியத்தால் ஆனவை. இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி பொருத்தி இருப்பார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பில் நாளடைவில் கசிவு வரும்.

மூன்றாவது தண்ணீர் பம்பு. பம்பின் உள்ளே இருக்கும் 'சீல்' தேய்ந்தால், அடியில் உள்ள சிறு துளை வழியாக தண்ணீர் சொட்டும். அந்தத் துளையை அடைத்து விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பம்பு கெட்டு விட்டது என்று சொல்வதற்காகவே வைத்த துளை அது. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்பு இறுகிக்கொள்ளும்.

நான்காவது மூடி. ரப்பர் வளையம் தேய்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும் தண்ணீர் ஆவியாகப் போய் விடும். கீழே ஒரு சொட்டு கூட தெரியாது. என்ஜின் ஆறிய பிறகு மேல் குழாய் சப்பையாக ஒட்டிப் போயிருந்தால், மூடியில் உள்ள சிறு வால்வு வேலை செய்யவில்லை என்று பொருள். புதிய மூடி வாங்கும்போது பழைய மூடியில் உள்ள அதே எண் இருக்க வேண்டும்.

ஐந்தாவது காருக்குள்ளே இருக்கும் ஹீட்டர். மும்பையில் ஹீட்டர் யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். போடா விட்டாலும் பல கார்களில் அதற்குள்ளும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முன் சீட்டின் கால் விரிப்பு பிசுபிசுப்பாக நனைந்திருந்தாலும், முன் கண்ணாடியில் எண்ணெய் போன்ற மூட்டம் படிந்தாலும், உள்ளே இனிப்பு வாசனை வந்தாலும் ஹீட்டரில் கசிவு.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

வெளியே எங்கும் ஈரம் இல்லை. ஆனாலும் தண்ணீர் குறைகிறது. இதுதான் பயப்பட வேண்டிய நிலை.

என்ஜினின் அடிப் பகுதிக்கும் 'ஹெட்' எனப்படும் மேல் பகுதிக்கும் நடுவே 'ஹெட் காஸ்கெட்' என்ற தகடு இருக்கிறது. அது எரிந்து போனால் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே கசிந்து, எரிந்து புகையாகப் போய் விடும்.

அதன் அடையாளங்கள்: சூடான பிறகும் சைலன்சரில் இருந்து இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வரும். என்ஜின் ஆயில் பால் கலந்த டீ போல மாறும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் குழாய் கல் போல இறுகி விடும். தண்ணீர்த் தொட்டியில் குமிழிகள் வந்து கொண்டே இருக்கும்.

இதில் ஏதாவது ஒன்று மட்டும் தெரிந்தால் உடனே முடிவுக்கு வந்து விடக் கூடாது. மழைக்காலத்தில் காலை நேரத்தில் சிறிது வெள்ளைப் புகை வருவது இயல்பு. குறைந்த தூரமே ஓடும் காரில் ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிவதும் உண்டு. உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. நீல நிற திரவம் உள்ள சிறு கருவியை ரேடியேட்டர் வாயில் வைப்பார்கள். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

மொழி சரியாகத் தெரியாத இடத்தில் ஏமாறுவது எளிது. காரைப் பார்த்த உடனே "காஸ்கெட் கயா" என்று சொல்லி என்ஜினைப் பிரிக்கச் சொல்பவர்களும் உண்டு. அவசரப்பட்டு சம்மதிக்காதீர்கள்.

"பஹலே பிரஷர் டெஸ்ட் கரோ, லீக் கிதர் ஹை திகாவோ" என்று கேளுங்கள். முதலில் அழுத்தச் சோதனை செய், கசிவு எங்கே என்று காட்டு என்பது இதன் பொருள்.

இந்த சோதனை எளிது. சைக்கிள் பம்பு போன்ற ஒரு கைப் பம்பை மூடி இருக்கும் இடத்தில் பொருத்துவார்கள். மூடியில் போட்டிருக்கும் எண் அளவுக்கு காற்று அடிப்பார்கள். 10, 15 நிமிடம் முள் இறங்காமல் நின்றால் அந்த நேரத்தில் கசிவு இல்லை. முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. என்ஜினை இயக்காமலே சொட்டும் இடம் கண்ணுக்குத் தெரிந்து விடும். மூடியையும் இதே கருவியில் தனியாக சோதிக்கலாம்.

சில கசிவுகள் என்ஜின் ஆறி இருக்கும்போது மட்டும் தெரியும். சில கசிவுகள் சூட்டில் மட்டும் தெரியும். அதனால் இரண்டு நிலையிலும் சோதிக்கச் சொல்வது நல்லது.

மாற்றிய பழைய பாகத்தை கையில் வாங்கிப் பாருங்கள். குர்லா சி.எஸ்.டி. ரோடு போன்ற இடங்களில் பழைய உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவும் கண்ணாடியும் அப்படி வாங்கலாம். ஆனால் ரப்பர் குழாய், மூடி, தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்பு ஆகியவற்றை புதிதாக வாங்குவதே லாபம்.

குழாயை நீங்களே மாற்றலாம்

கை எட்டும் இடத்தில் உள்ள மேல் குழாயை மாற்ற மெக்கானிக் வேண்டியது இல்லை. என்ஜின் நன்றாக ஆறி இருக்க வேண்டும். அடியில் ஒரு தட்டு வைத்து தண்ணீரைப் பிடியுங்கள். கிளாம்பைத் தளர்த்துங்கள். குழாய் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் வாய் உடைந்து விடும். பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள்.

வாயில் படிந்துள்ள உப்பை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து சுத்தம் செய்யுங்கள். அதே வளைவு உள்ள புதிய குழாயை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். வாயின் விளிம்பில் ஒரு மேடு இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் ரப்பர் அறுந்து விடும்.

பிறகு கூலண்ட் ஊற்றுங்கள். கடையில் இரண்டு வகை உண்டு. அப்படியே ஊற்றுவது ஒன்று. தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கெட்டியான வகை இன்னொன்று. சீட்டைப் படித்து வாங்குங்கள். கலப்பதற்கு பாட்டரிக்கு ஊற்றும் 'டிஸ்டில்டு வாட்டர்' நல்லது. போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. காரின் புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும்.

மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை சூடு பக்கம் திருப்பி வையுங்கள். உள்ளே அடைபட்ட காற்று குமிழி குமிழியாக வெளியேறும். குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடுங்கள். சில கார்களில் காற்றை வெளியேற்ற தனி திருகாணி இருக்கும். மறுநாள் காலையில் ஆறிய பிறகு மட்டத்தை மீண்டும் பார்ப்பது கட்டாயம்.

வடித்த பழைய கூலண்டை சாக்கடையிலோ தெருவிலோ ஊற்றாதீர்கள். அது இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்து இறந்து போகும். குழந்தை கைபட்டாலும் ஆபத்து. தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைக்கவே கூடாது.

மலைப்பாதையில் முள் ஏறினால்...

கோப்போலியில் இருந்து லோனாவாலாவுக்கு ஏறும் கண்டாலா மலைப்பாதை, புனேவைத் தாண்டி சத்தாரா போகும் வழியில் கம்பட்கி மலைப்பாதை. ஊருக்குப் போகும்போது இந்த இரண்டிலும் என்ஜின் பாடுபடும். சேலம் அருகே உள்ள தொப்பூர் கணவாய் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம்.

முள் ஏறத் தொடங்கினால் முதலில் ஏர்-கண்டிஷனை நிறுத்துங்கள். ஹீட்டரை முழு சூட்டில் வைத்து விசிறியை வேகமாக ஓட விடுங்கள். வியர்க்கும். ஆனால் என்ஜினின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும். பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொட்டு விட்டால் என்ஜினை உடனே நிறுத்த வேண்டும்.

மூடியைத் திறக்காதீர்கள். 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்க நேரிடும். குறைந்தது அரை மணி, முடிந்தால் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் குழாயை துணியால் தொட்டுப் பார்த்து, சூடும் இறுக்கமும் போன பிறகு கனமான துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகுங்கள். சீறல் நின்ற பிறகே முழுவதும் திறக்க வேண்டும்.

கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்கு குடிதண்ணீரே போதும். ஊர் போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

குழாயின் நுனியில் வெடிப்பு என்றால், நீளம் இடம் கொடுத்தால், அந்த நுனியை வெட்டி விட்டு மீண்டும் பொருத்தலாம். நடுவில் வெடிப்பு என்றால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பை இழுத்துச் சுற்றலாம். அது பக்கத்து ஊர் பட்டறை வரை போக மட்டுமே.

இன்னொரு எச்சரிக்கை. தண்ணீர் முழுவதும் போய் விட்டால் வெப்ப முள்ளே பொய் சொல்லும். சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். ஏறிய முள் திடீர் என்று இறங்கினால் "சரியாகி விட்டது" என்று மகிழ வேண்டாம். உடனே நிறுத்துங்கள்.

மஞ்சள் தூள் வைத்தியம்

மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகளை மறக்க முடியாது. 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு அவை டாக்சியாக ஓடுவது முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்து டிரைவர்கள் ரேடியேட்டர் சொட்டினால் ஒரு கை மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டினார்கள். தூள் ஊறி சிறு ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அன்றைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. ஈயம் வைத்து பற்ற வைத்து விடலாம். வழிகளும் அகலம்.

இன்றைய அலுமினிய ரேடியேட்டரில் வழிகள் குறுகல். மஞ்சள் தூளோ, கடையில் விற்கும் அடைப்புத் தூளோ போட்டால் ஓட்டையோடு வழியும் அடைத்துக்கொள்ளும். நடுக்காட்டில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நினைக்கலாம். பிளாஸ்டிக் விளிம்பில் கசிந்தால் ரேடியேட்டரை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு.

கசிவு இல்லாமலும் சூடாகலாம்

போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது இறங்கினால் விசிறியைப் பாருங்கள். பியூஸ், ரிலே, மோட்டார் இவற்றில் ஒன்று பழுது. வேகமாக ஓடும்போதும் ஏற்றத்திலும் சூடானால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் பழுது ஆகியவற்றை சந்தேகிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை கழற்றி எறிந்து விட்டு ஓட்டுவது சிலருக்கு வழக்கம். அப்படிச் செய்தால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வராது. பெட்ரோல் செலவு கூடும், தேய்மானமும் கூடும்.

கொதித்த என்ஜினை தொடர்ந்து ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து விடும். அதைக் கழற்றி, லேத் பட்டறையில் மட்டம் செய்து, புதிய காஸ்கெட் போட்டு மாட்ட வேண்டும். ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் அதிலேயே போய் விடும். டாக்சி ஓட்டுகிறவருக்கு அத்தனை நாள் வருமானமும் இல்லை. முதலாளி கார் என்றால் பழி டிரைவர் தலையில் விழும்.

எனவே ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே மட்டத்தைக் குறித்து வைத்துப் பாருங்கள். 5 லிட்டர் தண்ணீர், கனமான துணி, டார்ச், ஸ்க்ரூ டிரைவர், இரண்டு கிளாம்ப், ஒரு சுருள் சிலிக்கான் டேப் ஆகியவற்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பும் முன் பானட்டைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.